ஒரே அச்சு, இரண்டு பொத்தான்கள்

இரண்டு பொத்தான்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 1900களின் தொடக்கத்தில் பர்மிங்காம் பட்டறை ஒன்றில் எஃகு அச்சுக்குக் கீழே பித்தளைத் தகட்டை வைத்து அடிக்கப்பட்டது. சொந்தமாக மோட்டார் வண்டி வைத்திருந்த கனவான்களைக் கொண்டு பிரிட்டன் அமைத்த சிறு தன்னார்வப் படையின் அதிகாரி ஒருவருடைய மேற்சட்டையில் அது ஏறியது. படை கலைந்துவிட்டது, சட்டை மக்கிவிட்டது, பொத்தான் மிஞ்சியது. இரண்டாவது பொத்தானின் கதை வேறு. அதே எஃகு அச்சு எங்கோ ஒரு கிடங்கில் துருப்பிடிக்காமல் கிடந்து, பல பத்தாண்டுகள் கழித்து, சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகவே மறுபடியும் ஒரு தகட்டின்மேல் இறங்கியது. அச்சு அதே அச்சு, உலோகம் அதே கலவை, எடையும் விளிம்பும் எழுத்தும் அப்படியே. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் எது எது என்று தெரிந்துவிட்டால் சேகரிப்பாளர் முதலாவதற்குக் கையில் இருப்பதையெல்லாம் கொடுப்பார். இரண்டாவதை ‘ரீஸ்ட்ரைக்’, அதாவது மறுபடி அடித்தது என்று சொல்லித் தள்ளி வைத்துவிடுவார். அவர் எதற்காகக் காசு கொடுக்கிறார்? பொத்தானில் இப்போது இருக்கும் எந்தக் குணத்துக்காகவும் இல்லை. குணங்கள் இரண்டுக்கும் ஒன்றுதான். முடிந்துபோன ஒரு காலத்துக்காகக் கொடுக்கிறார். முடிந்துபோனது எங்கே இருக்கிறது? இல்லாத ஒன்று, கையில் இருக்கும் இரண்டு பொருள்களுக்கு நடுவே இவ்வளவு பெரிய வேறுபாட்டை எப்படி உண்டாக்கும்? புத்தரின் பல்லையும் புனிதர்களின் அங்கியையும் வணங்குவோர் முன் நெடுங்காலமாக நிற்கும் கேள்வி இதுவே. ஒரு பொத்தானில் அது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஏனென்றால் பொத்தானைச் சுற்றி அற்புதமும் இல்லை, கோயிலும் இல்லை, நம்பிக்கை செய்யும் வேலையை நம்பிக்கைக்கே விட்டுவிட முடியாது.

இந்தச் சின்னப் படையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போயர் போரில் பிரிட்டிஷ் ராணுவம் நீராவி இழுவை இயந்திரங்களைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சுமை இழுக்க வைத்தது. பெட்ரோல் வண்டி அப்போது செல்வர்களின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. அதை வாங்கவும் பழுதுபார்க்கவும் ராணுவத்திடம் பணமும் ஆளும் இல்லை. அதனால் 1903இல் மோட்டார் வாலண்டியர் கோர் தோன்றியது. உறுப்பினர்கள் தங்கள் சொந்த வண்டிகளோடு வந்து, போர்ப் பயிற்சிகளின்போது தளபதிகளையும் அவர்களுடைய அலுவலர்களையும் ஏற்றிச் சென்றார்கள். 1906இல் அதன் பெயர் ஆர்மி மோட்டார் ரிசர்வ் என்று மாறியது. சில ஆண்டுகளே நீடித்த, பெரும்பாலும் அதிகாரிகளே நிறைந்த சிறு அமைப்பு; அதன் பொத்தான்கள் அரிதாவதற்கு அதுவே காரணம். அதே 1903இல் இயற்றப்பட்ட மோட்டார் வண்டிச் சட்டம்தான் 1904 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு வண்டிக்கும் பதிவு எண் பலகையைக் கட்டாயமாக்கி, வேக வரம்பை மணிக்கு 20 மைலாக உயர்த்தியது. வண்டிக்கு ஓர் எண் வேண்டும், ஓட்டுபவனுக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற எண்ணம் ஒரே வேளையில் பிறந்ததைக் கவனிக்கத் தோன்றுகிறது. 1909 மார்ச் 17 அன்று ஆட்டோமொபைல் அசோசியேஷன் தன் உறுப்பினர்களின் கார்களில் ஒரு பட்டாளம் காவற்படை வீரர்களை லண்டனிலிருந்து கடற்கரை நகரான ஹேஸ்டிங்ஸுக்கு ஏற்றிச் சென்று காட்டியது. ஐந்தே ஆண்டுகளில் விளையாட்டு முடிந்தது. 1914 அக்டோபரில் லண்டன் நகரப் பேருந்துகள் பெல்ஜியத்தின் சேற்றுப் பாதைகளில் சிப்பாய்களைச் சுமந்துகொண்டிருந்தன.

பொத்தான் சேகரிப்பவர்கள் இந்த வரலாற்றைப் பித்தளையில் படிக்கத் தெரிந்தவர்கள். கிரீடத்தின் வளைவைப் பார்த்தே விக்டோரியா காலத்ததா, 1901க்குப் பிந்தியதா என்று சொல்லிவிடுவார்கள். 1952 வரை நீடித்த வடிவத்தை ‘ராஜா கிரீடம்’ என்றும், அதற்குப் பின் வந்ததை ‘ராணி கிரீடம்’ என்றும் அழைப்பார்கள். ராணுவத்தின் போக்குவரத்துப் படையான ஆர்மி சர்வீஸ் கோரின் பெயருக்கு முன்னால் ‘ராயல்’ என்ற அடைமொழி இருந்தால் அது 1918க்குப் பிந்தியது. பொத்தானைத் திருப்பினால் பின்புறத்தில் செய்தவரின் பெயர் வட்டமாக ஓடும்: ஃபர்மின் லண்டன், காண்ட் பர்மிங்காம். முகத்தகட்டின் விளிம்பை மடக்கிப் பின்தகட்டைப் பிடிக்க வைத்த விதம், நூல் கோக்கும் வளையம் பற்றவைக்கப்பட்ட விதம், எல்லாமே அவர்களுக்குச் சாட்சி. இந்தப் படிப்பு முழுவதும் எதை நோக்கிப் போகிறது என்பதுதான் முக்கியம். அவர்கள் அழகான பொத்தானைத் தேடவில்லை. அங்கே, அப்போது இருந்த பொத்தானைத் தேடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு குறிப்பும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உண்மைக்கான தடயமாகவே மதிக்கப்படுகிறது. தடயம் தீர்ந்துபோகும் இடத்தில், நம் இரண்டு பொத்தான்களைப் போல, அந்த உண்மை மட்டும் தனியே நிற்கிறது.

நம் தருக்க நூலார் இந்த இடத்துக்கு ஏற்கெனவே வந்திருக்கிறார்கள். எல்லா வகையிலும் ஒத்திருக்கும் இரண்டு அணுக்களை இரண்டு என்று எப்படிச் சொல்வது என்று வைசேடிகர் கேட்டார்கள். ஒவ்வோர் அணுவிலும் அதை மற்றதிலிருந்து பிரிக்கும் ‘விசேடம்’ ஒன்று உண்டு, அது நம் கண்ணுக்குத் தெரியாது, யோகிகளுக்கே புலப்படும் என்று விடை சொன்னார்கள். அந்தத் தரிசனத்துக்கு விசேடத்தின் பெயரே பெயராயிற்று. இது நமக்குப் பாதி தூரம் உதவுகிறது. இரண்டு பொத்தான்கள் ஏன் ஒன்றல்ல என்பதை அது விளக்கும். அவற்றில் ஒன்று ஏன் மேலானது என்பதை விளக்காது. விசேடம் எல்லா அணுவுக்கும் சமமாகவே இருக்கிறது, நேற்று உருக்கிய பித்தளைக்கும் அது உண்டு. ஆனால் அதே மரபு வேறோர் இடத்தில் நமக்கு முழு உதவி செய்கிறது. இன்மையையும் ஒரு பதார்த்தமாகக் கொண்டு அதை நான்காக வகுத்தவர்கள் அவர்கள். குடம் செய்யப்படுவதற்கு முன் இருந்த இன்மை முன்னபாவம். அதற்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு. குடம் உடைந்தபின் வரும் இன்மை அழிவுபாட்டபாவம். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. உடைந்த குடம் போன்ற வேறொரு குடத்தை நாளை வனையலாம், ஆனால் அந்தக் குடம் உடைந்தது என்பது இனி என்றைக்கும் மாறாது. முடிந்துபோனது என்றால் ஒன்றுமே இல்லாதது என்று பொருளில்லை. முடிந்ததால்தான் அது உலகத்தின் மாற்ற முடியாத ஓர் உறுப்பாகிறது. 1904இல் ஒருவர் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியின் திருகுகோலைச் சுழற்றினார் என்பது, இன்று அதை நினைப்பார் யாரும் இல்லாவிட்டாலும், உண்மையாகவே இருக்கும். அந்த உண்மைக்குள் முதல் பொத்தான் இருக்கிறது, இரண்டாவது இல்லை.

பௌத்தர்கள் இதை வேறு திசையிலிருந்து எட்டுவார்கள். நேற்றைய பொத்தான் இன்றில்லை, கணந்தோறும் ஒன்று அழிந்து மற்றொன்று தோன்றுகிறது. நாம் ‘அதே பொத்தான்’ என்று சொல்வது ஒரு சந்தானத்தை, காரண காரியத் தொடர்ச்சியை மட்டுமே என்பார்கள். அப்படியே ஏற்றுக்கொண்டாலும் என் வாதத்துக்குக் குறைவில்லை. நிலையான ஒரு பொருள் தன்னுள் புனிதத்தைச் சுமந்து வருகிறது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சட்டையிலிருந்து இந்த மேசைவரை ஒரு தொடர் அறுபடாமல் வருகிறது, அவ்வளவே. பௌத்த மரபு புத்தரின் தாதுக்களை மூன்றாகப் பிரித்தபோது இதைத்தான் நுட்பமாகச் செய்தது: உடலின் எச்சம், அவர் பயன்படுத்திய பொருள், அவரை நினைவூட்டும் உருவம். நடுவில் உள்ள வகைக்குப் பரிபோகம் என்று பெயர். பிச்சைப் பாத்திரம், சீவரம், அவர் அமர்ந்த அரசமரம் எல்லாம் அதில் அடங்கும். உருவத்தை யாரும் எப்போதும் செய்யலாம். பயன்படுத்திய பொருளைச் செய்ய முடியாது. கத்தோலிக்கரும் புனிதர் அணிந்த உடையை உடலெச்சத்துக்கு அடுத்த வகையாகவே வைத்தார்கள். நம் இரண்டாவது பொத்தான் ஓர் உருவம், நல்ல உருவம். முதலாவது பரிபோகம். யாரோ ஒரு பெயரறியாத வண்டியோட்டியைப் புத்தரோடு ஒப்பிடுவது தகுமா என்று கேட்கலாம். ஒப்பிடுவது மனிதரை அல்ல, பொருளுக்கும் மனிதருக்கும் இடையே உள்ள உறவின் வகையை. அந்த உறவு உண்மையாக இருப்பதற்கு அந்த மனிதர் புனிதராக இருக்க வேண்டியதில்லை.

நம்முடைய ஆகமக் கோயில்கள் இதற்கு முற்றிலும் மாறான வழியில் சிந்தித்திருக்கின்றன. அந்த மறுப்பைச் சந்திக்காமல் மேலே போவது நேர்மையாகாது. சைவ, வைணவக் கோயில்களில் திருமேனி எவ்வளவு பழையது என்பது அதன் வழிபடு தகுதியை முடிவு செய்வதில்லை. பின்னமான மூர்த்தியை அகற்றிப் புதியதைப் பிரதிஷ்டை செய்யலாம். பாலாலயம் செய்து, கலசத்து நீரில் சக்தியை ஆவாகனம் பண்ணி, திருப்பணி முடிந்ததும் மறுபடி சேர்ப்பிக்கலாம். தங்கியிருப்பது சக்தி, கல்லோ செம்போ அதற்கு இடம் கொடுக்கிறது. இந்த நோக்கில் பார்த்தால் பழைய பொத்தானுக்கு அழுவது பேதைமை. படையின் நினைவைப் புதுப் பொத்தானில் ஆவாகனம் செய்துகொள்ளலாமே? இது வலுவான மறுப்பு. ஆனால் அது எதைப் பற்றி வலுவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோயில் சொல்வது இன்றும் உயிரோடு இருக்கும், அழைத்தால் வரக்கூடிய ஒன்றைப் பற்றி. இறைவன் கடந்த காலத்தில் இல்லை. அதனால் அவனுக்குப் பழைய பொருள் தேவையில்லை. ஆனால் 1904ஆம் ஆண்டின் அந்தக் காலைப்பொழுதை எந்த மந்திரத்தாலும் ஆவாகனம் செய்ய முடியாது. திரும்பி வரக்கூடியதற்குப் புதுப்பித்தல் பொருந்தும். திரும்ப முடியாததற்குக் காத்தல் மட்டுமே பொருந்தும். மோட்டார் உலகத்திலேயே இந்த இரண்டு வழிகளும் அருகருகே இருக்கின்றன. 1905க்கு முன் செய்யப்பட்ட வண்டிகள் ஒவ்வொரு நவம்பரிலும் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓடுகின்றன. ஓட வேண்டுமென்றால் டயர் மாற வேண்டும், வால்வு மாற வேண்டும், இருக்கைத் தோல் மாற வேண்டும். எது தேர் என்று பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனைக் கேட்டாரே, அந்தக் கேள்வி அவ்வண்டிகளைத் துரத்திக்கொண்டே போகிறது. வண்டி ஓடுவதற்காக இருப்பது, அதனால் அது கோயிலைப் போலத் திருப்பணியால் வாழ்கிறது. பொத்தானில் மாற்ற ஏதுமில்லை. மாற்றினால் அது வேறு பொத்தான்.

போலியைப் பற்றிய மறுப்பு இன்னொன்று. யாருக்குமே வேறுபாடு தெரியாதபோது மறுஅடிப்பை அசல் என்று நம்பி வைத்திருப்பவருக்கு என்ன நஷ்டம்? அவருடைய மகிழ்ச்சி அதே மகிழ்ச்சிதானே? ஐரோப்பிய எச்ச வழிபாட்டின்மேல் சமயச் சீர்திருத்தவாதி கால்வின் 1543இல் எழுதிய சிறுநூல் எழுப்பிய ஏளனமும் இதே வேரிலிருந்து வருகிறது: ஊரூராகச் சிலுவை மரம் என்று வைத்திருப்பதையெல்லாம் சேர்த்தால் ஒரு கப்பலே நிறையும், ஆகவே எதிலும் எதுவும் இல்லை. கால்வினின் கணக்கு சரியாகவே இருந்தாலும் முடிவு பொருந்தவில்லை. போலி பெருகுவது அசல் முக்கியமில்லை என்பதைக் காட்டாது; முக்கியமாக இருப்பதால்தான் போலி பெருகுகிறது. சரி, தெரியாத பொய்யால் யாருக்கு நஷ்டம் என்ற கேள்விக்கு வருவோம். ஒரு மகன் தன் தந்தையின் அஸ்தி என்று நம்பி ராமேஸ்வரம் கடலில் கரைத்தது, சுடுகாட்டில் நேர்ந்த குழப்பத்தால் வேறொருவருடையது என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு அது கடைசிவரை தெரியவே இல்லை. அவனுக்கு ஒன்றும் நேரவில்லை என்று சொல்ல நமக்கு நா எழுமா? அவன் மனத்தில் இருந்த நிறைவு குறையவில்லை. ஆனால் அவன் விரும்பியது மன நிறைவை அல்ல, தந்தையைக் கரையேற்றுவதை. விரும்பியது நடக்கவில்லை. சேகரிப்பாளரின் நிலையும் அளவில் மிகச் சிறியதாக, வகையில் அதுவே. அவர் நாடுவது ஒரு கிளர்ச்சியை மட்டும் என்றால் இரண்டாவது பொத்தான் போதும். ஒரு மனிதரோடு, ஒரு காலத்தோடு உண்மையான தொடர்பை நாடுகிறார் என்றால் அது போதாது, அவருக்கு அது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

படம் எடுத்து, அளவெடுத்து, பதிவு செய்து வைத்தால் போதாதா, பொருள் எதற்கு என்பாரும் உண்டு. பதிவு, எடுத்தவர் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். பொருள் இன்னும் கேட்கப்படாத கேள்விகளுக்கும் சாட்சியாக நிற்கிறது. வளையத்தின் உட்புறத்தில் சிக்கியிருக்கும் இரண்டு இழை நூல், பின்தகட்டின் ஒரு நெளிவு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த எழுத்து, இவை நாளை ஒருவர் கண்ணில் படலாம். இங்கே எனக்கு மிகவும் பிடித்த புதிர் ஒன்று இருக்கிறது. பிராஸோ என்ற உலோக மெருகு பிரிட்டனில் 1905இல் விற்பனைக்கு வந்தது. சிப்பாய்கள் பொத்தான்களுக்குப் பின்னால் நடுவே பிளவுள்ள பித்தளைப் பட்டை ஒன்றைச் செருகி, துணியில் அழுக்குப் படாமல் நாள்தோறும் துலக்கினார்கள். வருடக்கணக்கில் அப்படித் துலக்கியதில் சின்னத்தின் மூக்கும் முழியும் மழுங்கிப்போன பொத்தான்கள் உண்டு. இன்று அதே பொத்தானைச் சேகரிப்பாளர் ஒருவர் அதே மெருகை இட்டுத் துலக்கினால் அது சேதம் என்று எல்லாரும் பதறுவார்கள். துணி அதே துணி, பசை அதே பசை, தேய்வதும் அதே பித்தளை. சிப்பாயின் கை தேய்த்தது அந்தப் பொத்தானின் வரலாறு. நம் கை தேய்ப்பது அந்த வரலாற்றை அழிப்பது. செயலின் இயற்பியலில் வேறுபாடு இல்லை, காலத்தில் அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. முதலில் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. செம்பில் களிம்பு போல ஆணவம் உயிரோடு ஒட்டியே இருக்கிறது என்று சைவ சித்தாந்தம் சொல்லும். அங்கே களிம்பு நீங்க வேண்டும். பொத்தானில் படிந்த மங்கலை நீக்காமல் விடும் சேகரிப்பாளர் அந்த உவமையை மறுக்கவில்லை. துலக்கும் உரிமை தனக்கில்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

உரிமை என்று சொன்னதும் பற்று என்ற பெரிய மறுப்பு எழுந்து நிற்கிறது. துறவை உயர்த்திப் பேசாத இந்தியச் சமயம் குறைவு. ஒரு பொத்தானுக்காக ஏலத்தில் போட்டியிடுவது, பொத்தான்களைத் தைத்துவைக்கும் அட்டையில் இன்னும் நிரம்பாத ஒரு கட்டத்துக்காகத் தூக்கம் கெடுவது, இவையெல்லாம் பற்றின் தூய வடிவங்கள் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். சேகரிப்பில் பெரும்பகுதி அப்படித்தான். ஆனால் ‘இது என்னுடையது’ என்பது ஒன்று, ‘இது நடந்தது’ என்பது மற்றொன்று. முதலாவது பொருளை என்னோடு கட்டுகிறது. இரண்டாவது பொருளை அது எங்கிருந்து வந்ததோ அதனோடு கட்டுகிறது. இரண்டாவது வலுக்கும்போது முதலாவது தளர்வதைக் காண முடியும்: தேய்ந்த பொத்தானைத் துலக்காமல் விடுவது, ஐயமுள்ளதை ஐயமுள்ளது என்றே எழுதி வைப்பது, கிடைத்த இடத்தைக் குறித்துவைப்பது, அருங்காட்சியகத்தில் இருந்தால் இன்னும் நன்றாகப் பேசும் என்றால் கொடுத்துவிடுவது. பட்டினத்தாரின் துறவுக்குக் காரணமாக மரபு சொல்வது ஒரு காதற்ற ஊசியை. அந்தச் சின்ன ஊசிகூட இறுதிப் பயணத்தில் நம்மோடு வராது என்பது அவர் கற்ற பாடம். பொத்தான் ஊசிக்கு உறவு, இரண்டும் தையற்காரரின் பெட்டியில் கிடப்பவை. ஆனால் இந்தப் பொத்தான்களில் பல இறுதிப் பயணத்தில் கூடவே போயிருக்கின்றன. அங்கே கேள்வி இன்னும் கனக்கிறது.

முதல் உலகப் போரின் பாதிவரை பிரிட்டிஷ் சிப்பாயின் கழுத்தில் தொங்கியது ஒரே ஒரு அடையாள வில்லை. அவர் இறந்தால் அதைக் கழற்றிப் பதிவுக்கு அனுப்பினார்கள். உடலோடு ஒன்றும் தங்கவில்லை. 1916இல்தான் இரண்டு வில்லைகள் வந்தன, ஒன்று எடுப்பதற்கு, ஒன்று உடலோடு விடுவதற்கு. போருக்குப் பிறகு புதைத்த இடங்களைத் தோண்டி உடல்களைக் கல்லறைத் தோட்டங்களில் ஒன்றுசேர்த்தவர்கள் பெயர் இல்லாத எலும்புகளை எதிர்கொண்டபோது, மக்காமல் மிஞ்சிய உலோகத்தையே நாடினார்கள்: தோள் எழுத்து, தொப்பிச் சின்னம், பொத்தான். பெயரைத் தராவிட்டாலும் அவை படையைத் தந்தன. அதனால்தான் இன்றும் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் எத்தனையோ கற்களில் ஆளின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் படையின் பெயர் மட்டும் இருக்கிறது. கீழே, கடவுள் அறிவார் என்று பொருள்படும் வாசகம். அந்த வாசகத்தைத் தேர்ந்தவர் எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங். மோட்டார் வண்டிப் பைத்தியம் தொடக்க நாளிலேயே பிடித்தவர்களில் அவரும் ஒருவர். 1915 செப்டம்பரில் லூஸ் போரில் அவருடைய ஒரே மகன் ஜான் மறைந்தான்; வயது 18. உடல் எதுவென்று தெரியாமலேயே தந்தை 1936இல் இறந்தார். அயர்லாந்துக் காவற்படையின் பெயரறியாத ஒரு லெப்டினென்ட் என்று மட்டும் குறித்த ஒரு கல், 1992இல் ஜானுடையது என்று அறிவிக்கப்பட்டது. அவன் இறக்கும்போது அந்தப் பதவிச் சின்னத்தை அணிந்திருக்க முடியுமா என்று அதன் பிறகும் நீண்ட வாதம் நடந்தது. ஒரு தோள்பட்டையில் இருந்த நட்சத்திரம் ஒன்றா இரண்டா என்பதில் ஒரு மகனின் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது.

இதை நினைத்துப் பார்த்தால், போர்க்களத்தில் உலோகங்காணி வைத்துத் தோண்டிப் பொத்தான் எடுப்பவர் என்ன செய்கிறார் என்பது புரியும். உடலோடு கிடந்த பொத்தானை எடுத்தால் ஓர் இறந்த மனிதரின் கல்லிலிருந்து கடைசிச் சொல்லையும் அழித்ததாகும். பிரான்ஸில் தொல்பொருள் தேடி உலோகங்காணி பயன்படுத்த அனுமதி வேண்டும் என்று 1989இலேயே சட்டம் வந்தது. சட்டம் இல்லாவிட்டாலும் தவறு தவறே. பொத்தானின் மதிப்பு அதன் கடந்த காலத் தொடர்பில் இருக்கிறது என்று இவ்வளவு நேரம் வாதிட்டேன். அந்த வாதத்தை ஏற்பவர் இந்தத் தடையையும் ஏற்றே ஆகவேண்டும், ஏனென்றால் தோண்டுபவர் மதிப்பை எடுத்துக்கொள்வதாக நினைத்து மதிப்பின் மூலத்தையே அறுக்கிறார். பொத்தான் எதில் பேசுமோ அதிலிருந்து பிரித்தால் ஊமையாகிவிடும். இத்தனை நினைவும் ஒரு பேரரசின் படைக்குத்தானே, பளபளக்கும் பித்தளையைக் கொண்டாடுவது போரைக் கொண்டாடுவதாகாதா என்ற கேள்விக்கும் இதே இடத்தில் விடை இருக்கிறது. கொண்டாடலாம், பலர் கொண்டாடுகிறார்கள், அது பிழை. ஆனால் சாட்சியை வைத்திருப்பதும் வழக்கில் சாய்வதும் ஒன்றாகாது. அந்தப் படை எதற்காக எங்கெங்கே போயிற்று என்பதும் அந்தப் பொத்தானின் வரலாற்றில் சேர்ந்ததே. அதை விட்டுவிட்டுப் பளபளப்பை மட்டும் வைத்துக்கொள்பவர் சேகரிப்பின் இலக்கணத்தையே மீறுகிறார்.

சேகரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு, அது அவர்களுடைய விலைப்பட்டியலைப் பற்றியது. மோட்டார் வாலண்டியர் கோரின் அதிகாரிப் பொத்தான் அரிது, ஆகவே விலை அதிகம். ஆனால் உண்மையில் வண்டியோட்டியவர்களின் பெரும்பான்மை யார்? 1871இலேயே பிரிட்டிஷ் காலாட்படையில் சாதாரணச் சிப்பாய்களின் படையெண் பொத்தான்களை நிறுத்திவிட்டு, அரசச் சின்னம் பொறித்த பொதுப் பொத்தானைக் கொடுத்துவிட்டார்கள். தனிப் பொத்தான் அதிகாரிகளுக்கே தங்கியது. முதல் உலகப் போரில் சாதாரணச் சிப்பாயின் காக்கிச் சட்டையில் பொதுவாக இருந்ததும் அந்தப் பொதுப் பொத்தானே. ஆர்மி சர்வீஸ் கோரின் மோட்டார்ப் பிரிவில் லாரி ஓட்டியவர் காகிதத்தில்தான் வேறுபட்டார்: அவருடைய சிப்பாய் எண்ணுக்கு முன்னால் ‘எம்’ என்ற எழுத்து இருக்கும், குதிரை வண்டி ஓட்டியவருக்கு ‘டி’. பொத்தானில் அந்த எழுத்து இல்லை. ஆக, இரவெல்லாம் விளக்கில்லாமல் குண்டுப் பள்ளங்களுக்கு நடுவே வெடிமருந்து லாரியை ஓட்டிச்சென்றவரின் பொத்தானும், ஒருமுறைகூட முகாமைவிட்டு வெளியே போகாத எழுத்தரின் பொத்தானும் பார்வைக்கு ஒன்றே. இங்கே நம் முதல் புதிர் தலைகீழாகத் திரும்பி வருகிறது. அங்கே அசலும் மறுஅடியும் ஒன்றுபோல் இருந்தன, நமக்கு எது எது என்று தெரிந்திருந்தது. இங்கே எல்லாமே அசல், எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பொதுப் பொத்தான்கள் பெட்டி பெட்டியாகச் சில்லறைக் காசுக்கு விற்கின்றன. மோட்டார்ப் படைகளை மட்டும் சேர்ப்பவர் அவற்றைத் தன் அட்டையில் தைப்பதில்லை, தைக்க அவருக்கு ஆதாரம் இல்லை. நடந்தது நடந்ததுதான் என்று நம்புகிறவர், அவற்றில் ஒன்றையாவது அந்த அட்டையின் ஓரத்தில் தைத்து, பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டுவைக்கலாம்.